சுறாவுக்கு என்பு இல்லாதது ஏன்?

மீன் சந்தையிலே பாரையையோ அறக்குளாவையோ வெட்டுவிக்கும்போது, கத்தி முள்ளந்தண்டிற் பட்டு எழும் ஓசையை வாசகர்கள் கேட்டிருப்பர். சுறாவை வெட்டும்போது அவ்வோசை எழுவதில்லை. கத்தி இலகுவாக இறங்கிவிடுகின்றது. திருக்கையின் சிறகும் அவ்வாறே. கறியாகிய பின்னர் அதனுள்ளே கோடு கோடாய்த் தோன்றும் பகுதியைப் பல்லாற் கடித்து மென்றுவிடலாம். சுறாவை அவித்து உதிர்த்து வறை செய்யும் தாய்மார், மற்றை மீன்களிற் போல இதில் முள் தேடிக் களைய வேண்டியதில்லை என்பதை நெடுங்காலமாக அறிந்தே வைத்திருக்கின்றனர்.

அடுக்களையில் எல்லோரும் அறிந்த இவ்வுண்மைக்குக் காரணம் யாது? அதனை இவ்வாரம் ஆராய எண்ணுகின்றோம். இவ்விடயத்தை எடுத்துக்கொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. இதனைப் பற்றி நாம் பல ஆண்டுகளாக மாணவர்க்குத் தவறானதொன்றைக் கற்பித்து வந்தோம். அதனைத் திருத்தும் கடன் நமக்கு இருக்கின்றது.

கசியிழையமும் என்பும்

உங்கள் காதின் மடலை விரல்களாற் பிடித்து மடித்துப் பாருங்கள். வளையும்; விட்டவுடன் பழைய நிலைக்கு மீளும். மூக்கின் நுனியும் அத்தகையதே. இவற்றைத் தாங்கி நிற்பது கசியிழையம். வீட்டிலே குருத்தெலும்பு என்று சொல்வது இதனைத்தான். நீரைத் தன்னுள் மிகுதியாகப் பிடித்து வைத்திருக்கும் பசை போன்ற ஒரு பொருளும், அதனூடே ஓடும் புரத நார்களும், அவற்றிடையே தனித்தனியே சிறைப்பட்டிருக்கும் கலங்களும் சேர்ந்ததே கசியிழையம். அதனுள்ளே இரத்தக் குழாய்கள் இல்லை. என்போ இதற்கு மாறானது. அதன் நார்களிடையே கல்சியம் பொசுபேற்றுப் பளிங்குகள் செறிந்து கிடக்கின்றன. இரத்தக் குழாய்கள் ஊடுருவி ஓடுகின்றன. கலங்கள் பழைய என்பை அரித்துப் புதிய என்பை இட்ட வண்ணம் இருக்கின்றன.

பாரை, அறக்குளா, சூடை முதலியன என்பு மீன்கள். சுறா, திருக்கை ஆகியன கசியிழைய மீன்கள். நாமும் ஒருவகையிற் கசியிழையத்திலிருந்தே தொடங்கினோம். தாயின் வயிற்றிலே முளையமாக இருந்தபோது நமது கை கால்களின் என்புகள் யாவும் முதலிற் கசியிழையத்தாலான அச்சுக்களாகவே தோன்றின. பின்னர் அவ்வச்சு சிறிது சிறிதாக நீக்கப்பட்டு, அதனிடத்தை என்பு பிடித்துக்கொண்டது. பிறந்த குழந்தையின் முழங்காற் சில்லு இன்னும் கசியிழையமாகவே இருக்கும்; அது என்பாக மாறத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் செல்லும்.

ஒரு மாணவனின் கேள்வி

முளையத்தின் வளர்ச்சியை இங்ஙனம் விளக்கிய பின்னர், கரும்பலகையிலே ஓர் ஏணியை வரைவது எமது வழக்கம். அடிப்படியிற் கசியிழைய மீன். அதற்கு மேலே என்பு மீன். பின்னர் தவளை, பல்லி, பறவை, முலையூட்டி. "முதலிற் கசியிழையம், பின்னர் என்பு, முளையத்தில் நிகழ்வதே கூர்ப்பிலும் நிகழ்ந்தது" என்று குறிப்புக் கொடுப்போம். கேட்பதற்கு அழகாகவும், நினைவில் வைத்திருப்பதற்கு எளிதாகவும் இருந்தபடியால், அது சரியா என நாம் ஒரு நாளும் ஐயுற்றதில்லை.

உயர்தர வகுப்பிலே ஒரு நாள் பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், சுறா நாற்பது கோடி வருஷமாகக் கடலிலே இருக்கிறது என்று போன கிழமை சொன்னீர்கள். இவ்வளவு காலமாகியும் அதற்கு என்பு செய்யத் தெரியாமற் போனது ஏன்?" என்றான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். "அதற்குத் தேவை ஏற்படவில்லை" என ஏதோ சொல்லி அவனை அமர்த்தினோம். அன்று மாலை வீட்டுக்குச் சென்று நூல்களைப் புரட்டியபோதுதான், சிரிப்புக்கு உரியவன் அம்மாணவன் அல்லன் என்பது தெரிந்தது.

நாம் வரைந்த ஏணி புதியதன்று. முளையத்தின் வளர்ச்சி இனத்தின் வரலாற்றை மீட்டுக் காட்டுகின்றது என்று ஜேர்மானிய விஞ்ஞானி ஏர்ணஸ்ற் ஹெக்கல் 1866 இல் எழுதினார். அதன் நிழலே எமது குறிப்பு. ஆயினும் அமெரிக்க அறிஞர் அல்பிரட் ரோமர் 1942 ஆம் ஆண்டிலேயே இக்கருத்தை மறுத்து ஒரு கட்டுரை வரைந்துவிட்டார். கசியிழையம் என்பது வளரும் முளையத்தின் வசதிக்காக அமைந்த ஒன்று. பண்டைய மீன்களிடம் என்பு இருந்தது. சுறாக்கள் முளைய நிலையையே வளர்ந்த பின்னரும் வைத்துக்கொண்டன என்பது அவர் கருத்து. பாறைகளிற் கிடைத்த உயிர்ச்சுவடுகளும் அவர் பக்கமே நின்றன. சுறாக்கள் தோன்று முன்பே வாழ்ந்த பல மீன்கள், என்பாலாகிய கேடயங்களைத் தலையிலே தாங்கியிருந்தன. எமக்கு முன் பிறந்த ஒரு கட்டுரையை அறியாமல் நாம் இத்தனை ஆண்டு ஏணி வரைந்திருக்கின்றோம்!

சுண்டெலி சொன்ன செய்தி

அவ்வாறாயின், சுறா என்பு செய்யாமல் இருப்பதற்கு அதன் உடலுக்குள்ளே உள்ள காரணம் யாது? அதனை அறியப் பரம்பரையலகுகளிடம் செல்ல வேண்டும். இன்ன கலம் இன்ன புரதத்தை இன்ன வேளையில் ஆக்க வேண்டும் என்ற எழுத்து வடிவான கட்டளைகளே பரம்பரையலகுகள் என இங்கு கொள்வோம்.

வன்கூட்டை ஆக்குவதிலே இரு பரம்பரையலகுகள் தலைமை வகிக்கின்றன. ஒன்றின் பெயர் சொக்ஸ்-9. முளையத்திலுள்ள ஒரு கலத்தை "நீ கசியிழையக் கலம் ஆகுக" என ஏவுவது அது. மற்றையதன் பெயர் ரன்க்ஸ்-2. என்பாக்கும் கலங்களை உருவாக்குவது அது. இவ்விரண்டாவதன் வலிமை 1997 இல் வெளிப்பட்டது. ரன்க்ஸ்-2 முற்றாக நீக்கப்பட்ட சுண்டெலிகளை யப்பானிலும் ஐரோப்பாவிலும் ஆய்வாளர் உண்டாக்கினர. அச்சுண்டெலிக் குஞ்சுகளின் உடலில் என்பே உண்டாகவில்லை. வன்கூடு முழுவதும் கசியிழையமாகவே நின்றுவிட்டது. விலா என்புகளின் உறுதி இன்றி மூச்சுவிட இயலாமையால் அவை பிறந்தவுடன் இறந்தன. மனிதரில் இப்பரம்பரையலகின் இரு பிரதிகளுள் ஒன்று பழுதுற்றால், காறை என்பு குன்றியோ இல்லாமலோ பிறக்கின்றனர். அத்தகையோர் சிலர் தம் இரு தோள்களையும் மார்பின் முன்னே ஒன்றோடொன்று பொருத்திக் காட்டவும் வல்லவர்.

என்பற்ற சுண்டெலியைக் கண்டதும் யாருக்கும் சுறாவின் நினைவே வரும். சுறாவிடம் ரன்க்ஸ்-2 இல்லையோ என ஐயுறுவது இயல்பே. ஆனால் தேடிப் பார்த்தபோது, சுறாவிடம் ரன்க்ஸ்-2 இருந்தது. சொக்ஸ்-9 உம் இருந்தது. தலைவர் இருவரும் இருந்தும் வீடு கட்டப்படவில்லை. எனவே இல்லாதது வேறொன்றாதல் வேண்டும்.

யானைச் சுறா

அவுஸ்திரேலியாவின் தென் கரையோரத்திலும் நியூசிலாந்தின் கரையோரத்திலும் ஒரு விந்தையான மீன் வாழ்கின்றது. அதன் மூக்கின் முன்னே யானையின் தும்பிக்கை போன்ற ஒரு தசை தொங்கும். அதனாற் சேற்றைத் துழாவி இரை தேடும். யானைச் சுறா என இதனை அழைப்பர். பெயர் சுறாவாயினும் உண்மையில் இது சுறாவின் தூரத்துச் சொந்தம். கசியிழைய மீன்களுள் வேறொரு கிளையைச் சேர்ந்தது. இதன் பரம்பரைச் செய்தி ஏறக்குறைய நூறு கோடி எழுத்துக்களால் ஆயது. மனிதருடையதில் அது மூன்றிலொரு பங்கு. ஆதலின் வாசிப்பதற்கு இது வசதியாயிற்று.

சிங்கப்பூரிலே பைரப்பா வெங்கடேஷ் என்பவரின் தலைமையில் ஆய்வாளர் பலர் கூடி இதனை முழுவதும் வாசித்து, 2014 ஜனவரியில் வெளியிட்டனர். 2002 இல் நோபெல் பரிசு பெற்ற சிட்னி பிரென்னரும் அக்குழுவில் ஒருவர். என்பாக்கத்திற்கு வேண்டியவை என அறியப்பட்ட பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக இம்மீனிடம் தேடினர். எல்லாம் இருந்தன, ஒரு குடும்பம் மாத்திரம் காணப்படவில்லை. கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும் பொசுபோ புரதங்களை ஆக்கும் குடும்பம் அது. பாலிலுள்ள கேசீன் எனும் புரதமும், பல்லின் மிளிரியை ஆக்கும் புரதங்களும், என்பிலும் பன்முதலிலும் உள்ள சில புரதங்களும் நம்மிடம் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுட் பெரும்பாலானவை நமது 4 ஆம் நிறமூர்த்தத்திலே அயல்வீடுகள் போல நெருங்கி அமைந்திருக்கின்றன.

இக்குடும்பம் வந்த வழி சுவையானது. சமையற் குறிப்புப் புத்தகம் ஒன்றிலே ஒரே குறிப்பு தவறுதலாக இரு முறை எழுதப்பட்டுவிட்டது எனக் கொள்வோம். முதலாவது குறிப்பு இருப்பதால் சமையலுக்குக் குறை வராது. இரண்டாவதிலே மகள் சற்று மாற்றுவாள். பேத்தி இன்னும் சற்று மாற்றுவாள். ஈற்றில் அது வேறொரு பலகாரமாகிவிடும். ஸ்பார்க்-எல் என்னும் பழைய பரம்பரையலகு இவ்வாறே இரட்டித்து, பிரதி மாறி, அப்பிரதியும் இரட்டித்து, என்பு மீன்களின் வழியில் ஒரு குடும்பமாகப் பெருகிற்று. யானைச் சுறாவிடம் மூலக் குறிப்பாகிய ஸ்பார்க்-எல் இருக்கின்றது. அதிலிருந்து பெருகிய குடும்பம் இல்லை. ஆய்வாளர் சிறிய வரிமீன்களிலே இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பரம்பரையலகின் தொழிலைத் தடுத்துப் பார்த்தனர். அம்மீன்களில் என்பாக்கம் குன்றிற்று.

முடிந்தது எனத் தோன்றிய கதை

இந்த இடத்திலே நிறுத்தியிருந்தால் நாம் இன்னொரு தவறான குறிப்பைக் கொடுத்தவராவோம். "சுறாவுக்கு என்பு இல்லை, ஏனெனில் இந்தக் குடும்பம் இல்லை" என்பது கேட்க எளிது. ஆனால் அதன் பின்னர் வந்த இரு செய்திகள் அதனைச் சற்றுத் தள்ளி நிறுத்தின.

முதலாவது, மொங்கோலியாவின் மேற்குப் பகுதியிற் கிடைத்த ஓர் உயிர்ச்சுவடு. ஏறக்குறைய 41 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மீனின் தலைப் பகுதி அது. மிஞ்ஜினியா எனப் பெயரிட்டு, இலண்டனைச் சேர்ந்த மார்ட்டின் பிரேசோவும் அவர்தம் தோழரும் 2020 இல் அதனை விளக்கி எழுதினர். சுறாக்களும் என்பு மீன்களும் இரு கிளைகளாகப் பிரியும் கவட்டுக்கு அண்மையில், அதற்குச் சற்றுக் கீழே, அடிமரத்தை அடுத்து நின்ற மீன் அது. அதன் மண்டையைக் கதிர்ப்படம் மூலம் துருவி நோக்கியபோது, உள்ளே வலைப்பின்னலான என்பு தென்பட்டது. நமது தொடை என்பின் முனையில் இருப்பதைப் போன்ற, கசியிழையத்தின் உட்புறத்தை நிரப்பும் என்பு அது. பொது முன்னோருக்கு அண்மையில் நின்றவரிடமே அத்தகைய என்பு இருந்திருக்குமாயின், சுறாவின் முன்னோர் என்பை ஒருகாலும் அறியாதவர் அல்லர். அறிந்திருந்து கைவிட்டவர் என்றே எண்ண வேண்டியிருக்கின்றது. என்புக்குத் தலைவனாகிய ரன்க்ஸ்-2 சுறாவிடம் இன்றும் இருப்பது இதனோடு பொருந்துகின்றது.

இரண்டாவது செய்தி 2022 இல் வந்தது. யானைச் சுறாவிடம் இல்லாத அக்குடும்பத்தை ஒத்த ஒரு பரம்பரையலகை உண்மைச் சுறாக்களிடமும் திருக்கைகளிடமும் பிரெஞ்சு ஆய்வாளர் கண்டனர். அதுவும் ஸ்பார்க்-எல் இரட்டித்ததால் வந்ததே. ஆனால் என்பு மீன்களில் நிகழ்ந்த இரட்டிப்பு வேறு. சுறாக்களில் நிகழ்ந்த இரட்டிப்பு வேறு. ஒரே குறிப்பை இரு வீட்டார் தனித்தனியே படியெடுத்து, இரு வீட்டிலும் ஏறத்தாழ ஒரே பலகாரம் வந்தது போல! பூனைச் சுறா எனும் சிறு சுறாவிலே இப்பரம்பரையலகு வேலை செய்யும் இடம் பற்களும், தோலிலுள்ள செதில்களுமாம். சுறாத் தோலைத் தடவினால் அரத்தைப் போல் உராய்வதற்குக் காரணமான அச்செதில்கள் ஒவ்வொன்றும் சிறு பல் போன்ற அமைப்பே.

ஆகவே கல்சியத்தைக் கொண்டு வன்மையான பொருள் ஆக்குவது சுறா அறியாத கலையன்று. அதன் பல்லைக் கண்டவர் யாரும் அதனை ஒப்புவர். அதன் கசியிழையமும் வெறும் மென்பொருள் அன்று. மேற்பரப்பிலே மிகச் சிறிய ஓடுகளைப் பதித்தாற் போலக் கல்சியப் படிவுகள் அமைந்து, நார்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே இலேசு; வெளியே உறுதி. காற்றுப் பை இல்லாத சுறாவுக்கு, கொழுப்பு நிறைந்த பெரிய ஈரலோடு இந்த இலேசான வன்கூடும் கடலிலே அமிழ்ந்து போகாதிருக்கத் துணை செய்கின்றது. இதனை அரைகுறையாக நின்றுவிட்ட என்பு என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்? தனக்கென ஒரு வழியைக் கொண்டு, அவ்வழியிலே நெடுந்தூரம் வந்த வன்கூடு இது.

அம்மாவின் முழங்கால்

இதனால் நமக்கு வரும் பயன் யாது என வாசகர் கேட்கலாம். எமது வீட்டிலும் அக்கேள்வி எழுந்தது. எமது தாயாருக்கு நெடுநாளாக முழங்கால் நோ. வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் சுறாவின் கசியிழையத்தைத் தூளாக்கி அடைத்த குளிசைகளை ஒரு குப்பி அனுப்பியிருந்தார். "சுறாவைப் பற்றித்தானே ஒரு கிழமையாய் வாசிக்கிறாய்? இதைக் குடித்தால் முழங்கால் சுகம் வருமோ, தம்பி?" எனத் தாயார் கேட்டார்.

சுறாவுக்குப் புற்றுநோய் வராது எனப் பொருள்படும் பெயருடன் 1992 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு நூல் இத்தூளின் வியாபாரத்தைப் பெருக்கிற்று. சுறாவுக்கும் புற்றுநோய் வருகின்றது. புற்றுநோயாளரிடம் முறைப்படி செய்த சோதனைகளில் இத்தூளாற் பயன் காணப்படவில்லை. முழங்காலைப் பொறுத்தும், நாம் உண்ணும் கசியிழையம் வயிற்றிலே சீரணித்துச் சிதைந்துவிடுகின்றது. அது கசியிழையமாகவே பயணஞ் செய்து முழங்காலிற் போய் அமர்வதில்லை. குப்பியை வைத்தியரிடம் காட்டாமற் குடிக்க வேண்டாம் என்றோம். தாயார் குப்பியை அலுமாரியில் வைத்துவிட்டார். உறவினருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை மாத்திரம் அவருக்கு மிஞ்சிற்று.

ஆனால் சுறாவின் இனம் முழங்காலுக்கு உதவவே மாட்டாது எனவும் சொல்வதற்கில்லை. உதவி குப்பியில் இல்லை, அறிவில் இருக்கின்றது. மனிதரின் கசியிழையம் தேய்ந்தால் மீண்டும் நன்கு வளர்வதில்லை. இரத்தக் குழாய் இன்மையும், கலங்கள் சிறைப்பட்டுக் கிடப்பதும் அதற்குக் காரணங்கள். அத்திலாந்திக் சமுத்திரத்திலே வாழும் ஒரு சிறு திருக்கையினத்தை ஆராய்ந்தவர்கள் 2020 இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். அம்மீன் வளர்ந்து முதிர்ந்த பின்னரும் புதிய கசியிழையத்தை ஆக்கிக்கொண்டே இருக்கின்றது. அதன் கசியிழையத்தில் வேண்டுமென்றே சிறு காயம் செய்து பார்த்தபோது, புதிய கசியிழையம் வளர்ந்து அவ்விடத்தை நிரப்பிற்று. கசியிழையத்தைச் சுற்றியுள்ள உறையிலே இதற்கான இளங்கலங்கள் இருக்கின்றன. முளையத்திலே கசியிழையத்தை ஆக்கும் சொக்ஸ்-9 முதலிய பரம்பரையலகுகளே அங்கும் தொழிற்படுகின்றன. அதே சொக்ஸ்-9 எமது தாயாரிடமும் உண்டு. திருக்கையில் முதுமையிலும் நடைபெறும் வேலை மனிதரில் ஏன் நின்றுவிடுகின்றது என்பதை அறிந்தால், முழங்கால் நோவுக்கு ஒரு வழி பிறக்கக்கூடும். இன்னும் பிறக்கவில்லை, ஆயினும் தேட வேண்டிய இடம் தெரிகின்றது. என்பு செய்ய மறந்த இனம் என்று நாம் தாழ்த்திச் சொன்ன அதுவே, நாம் மறந்ததொன்றை நினைவில் வைத்திருக்கின்றது.

அழித்த ஏணி

அடுத்த பாடத்திலே நாம் முதலிற் செய்தது, கரும்பலகையில் ஏணியை வரைந்து, மாணவர் பார்க்க அதனை அழித்ததுதான். அதனிடத்திலே ஒரு மரத்தை வரைந்தோம். ஒரே அடி, இரு பெருங் கிளைகள், ஒன்றிற் சுறாவும் திருக்கையும், மற்றையதிற் சூடையும் தவளையும் நாமும். "சென்ற பாடத்திற் கொடுத்த குறிப்பு பிழை, வெட்டிவிடுங்கள்" என்றோம். கேள்வி கேட்ட மாணவன் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தான். அவன் பெயரைச் சொல்லிப் பாராட்டினோம். அவன் நாணினான்.

அந்த வகுப்புக்குக் கொடுத்த குறிப்பைத் திருத்திவிட்டோம். அதற்கு முன்னே பல ஆண்டுகளாக எம்மிடம் அதே ஏணியை எழுதிச் சென்றோர் இன்று எங்கெங்கோ இருக்கின்றனர். சிலர் தாமே ஆசிரியராகி, தம் மாணவர்க்கும் அதனை எழுதிக் கொடுத்திருத்தல் கூடும். அவர்களுட் சிலரேனும் ஞாயிறு தோறும் இப்பக்கத்தைப் புரட்டுவர் என நம்புகின்றோம். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

மாணவர்க்கு ஒரு வேலை. வீட்டிற் சுறா வாங்கும் நாளில், முள்ளந்தண்டின் ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். கழுவிக் காயவிட்டால் அது சிறு வட்டுக்களாகப் பிரியும். ஒரு வட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்த்ததிலும் அது வன்மையாக இருக்கும். கசியிழையத்திலே கல்சியம் படிந்தமையால் வந்த வன்மை அது. அதன் முகத்தில் வட்டம் வட்டமாக வரிகளும் தெரியலாம். சுறாவின் வயதைக் கணிக்க ஆய்வாளர் எண்ணுவது இத்தகைய வரிகளையே. பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதனோடு, உங்கள் ஆசிரியர் சொன்னதில் எது பொருந்தவில்லை எனத் தோன்றுகின்றதோ, அதனையும் எழுதி வைத்து வகுப்பிலே கேளுங்கள்.